மூச்சுக்குழாய் திறந்திருக்கும் அந்த அரை நிமிடம்

டிரக்கியாஸ்டமியில், அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைக்கும் ஆபரேஷனில், தோலைக் கீறியதிலிருந்து மூச்சுக்குழாயின் முன்சுவர் கண்ணில் படும்வரை ரத்தத்தோடு வேலை. அதன்பிறகு காற்றோடு வேலை. ரத்தம் கண்ணுக்குத் தெரியும். பஞ்சு வைத்து அமுக்கலாம், நூல் போட்டுக் கட்டலாம். காற்று தெரியாது. கோவிட் நோயாளியின் மூச்சுக்குழாயில் ஜன்னல் வெட்டிய கணத்தில் வென்டிலேட்டர் ஒரே ஒரு மூச்சைத் தள்ளினாலும், அது அந்த ஓட்டை வழியாகக் குனிந்து நிற்கும் சர்ஜனின் முகத்துக்கு நேராக வரும். 2020-ல் காது மூக்கு தொண்டைப் பிரிவில் மாற்றிக்கொண்ட பழக்கங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு மூச்சை அடக்குவதற்காக வந்தவை. இன்னொரு சுவாசத் தொற்று வரும்போது கத்தி பிடிக்கப்போகிற இளைய டாக்டர்களுக்கும், பக்கத்தில் நிற்கப்போகிற சிஸ்டர்களுக்கும், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்களுக்கும் உதவட்டும் என்று விவரமாக எழுதி வைக்கிறேன்.

இந்தப் பிரிவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு எச்சரிக்கை? தொற்றின் ஆரம்ப நாட்களில் தொண்டையைவிட மூக்கில் வைரஸ் அதிகமாக இருந்தது. நாங்கள் நாள் முழுக்க மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்கிறவர்கள். 2003 சார்ஸ் காலத்து ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வந்த ஒரு மதிப்பாய்வில், வாய் வழியாக டியூப் போடும் வேலையில் இருந்த பணியாளர்களுக்குத் தொற்று வர 6.6 மடங்கும், டிரக்கியாஸ்டமியில் இருந்தவர்களுக்கு 4.2 மடங்கும் வாய்ப்பு என்று கணக்கு வந்திருந்தது. பிரிட்டனில் கோவிட்டுக்கு முதலில் பலியான மருத்துவமனை டாக்டர்களில் ஒருவரான அம்ஜத் எல்-ஹவ்ரானி ஒரு காது மூக்கு தொண்டை சர்ஜன். 2020 மார்ச் 28 அன்று இறந்தார்.

முதல் கேள்வி, எப்போது செய்வது. கோவிட்டுக்கு முன்பு வென்டிலேட்டரில் ஏழு, பத்து நாள் ஆனாலே எங்களுக்கு அழைப்பு வந்துவிடும். 2020 மார்ச், ஏப்ரலில் வந்த வழிகாட்டுதல்கள் பலவும் 14 நாளாவது பொறுக்கச் சொல்லின. மே மாதத்தில் 10 நாளாவது கழியட்டும் என்று தளர்ந்தன. பொறுப்பதற்குக் காரணம் இரண்டு. லேசான நோயில் 10 நாளுக்குப் பிறகும், கடுமையான நோயில் 20 நாளுக்குப் பிறகும் பரவும் திறனுள்ள வைரஸ் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆர்டி-பிசிஆர் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும், ஆனால் அது பிடிப்பது வைரஸின் உடைந்த துண்டுகளை. அதனால் நெகட்டிவ் வரட்டும் என்று காத்துக் கிடப்பதில் பொருளில்லை. நாள் கணக்குத்தான் முக்கியம். இரண்டாவது காரணம் சொல்ல மனசுக்குக் கஷ்டமானது. முதல் இரண்டு வாரத்தில் ஒரு பகுதியினர் தேறி டியூபை எடுத்துவிடுவார்கள், ஒரு பகுதியினர் இறந்துவிடுவார்கள். இரு தரப்புக்கும் டிரக்கியாஸ்டமி பயன்படாது.

நாள் ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. வென்டிலேட்டரில் ஆக்சிஜன் 50%-க்குள் இருக்க வேண்டும். பீப், அதாவது மூச்சு விட்ட பிறகும் நுரையீரலை விரித்து வைக்கும் அழுத்தம், 10 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். முந்தைய 24 மணி நேரத்தில் குப்புறப் படுக்கவைக்கத் தேவைப்பட்டிருக்கக் கூடாது. கழுத்து டியூப் போட்ட பிறகு குப்புறப் போட்டால் டியூப் நழுவலாம், நழுவினால் திரும்பப் போட யாருக்கும் கை எட்டாது. இதற்கெல்லாம் மேல் ஒரு சோதனை உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்து, 100% ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, மயக்க மருந்து டாக்டர் வென்டிலேட்டரை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பார். சிலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 98-லேயே நிற்கும். உடல் பருமனான ஒருவருக்கு 20 நொடியில் 85-க்கு விழலாம். அந்த 20 நொடிக்குள் எந்த சர்ஜனும் வேலையை முடித்துவிட முடியாது. அவரை இரண்டு நாள் கழித்துப் பார்ப்பதே சரி.

ஐசியூ கோவிட் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் வகை ஊசி போய்க்கொண்டிருக்கும். தடுப்பு அளவில் எனாக்ஸபாரின் என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு 12 மணி நேரம், சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரம் விட வேண்டும். கேஸ் ஷீட்டில் 'ஹோல்ட்' என்று எழுதிவிட்டால் போதாது, கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்று சிஸ்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கீறலில் கசியும் ரத்தம் டியூப் போட்ட பிறகு உள்ளே இறங்கி நோயாளியை இரும வைக்கும். ரத்தத்தோடு வைரஸும் வெளியே தெறிக்கும். அதை உறிஞ்ச சக்ஷன் போட வேண்டும், சக்ஷன் இன்னும் இருமலைக் கூட்டும்.

எங்கே செய்வது? முடிந்தால் ஐசியூ கட்டிலிலேயே. தியேட்டருக்குக் கொண்டுபோனால் வழியில் வென்டிலேட்டர் குழாய் இணைப்பை இரண்டு முறையாவது கழற்றி மாட்ட வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் காற்று சிந்தும். தவிர, நம் தியேட்டர்கள் கிருமி உள்ளே வராமலிருக்க காற்றை வெளியே தள்ளும்படி கட்டப்பட்டவை. சாதாரண நாளில் நல்லது, கோவிட் நோயாளிக்குக் கதவைத் திறந்தால் வராந்தாவுக்கு விநியோகம். தியேட்டரில்தான் செய்தாக வேண்டும் என்றால் அந்த அழுத்தத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியுமா என்று பராமரிப்பு ஆட்களிடம் முந்தின நாளே பேசிவிட வேண்டும். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில் மிதக்கும் துகள்களில் 99% வெளியேற 23 நிமிடம் ஆகும், 99.9% வெளியேற 35 நிமிடம். 6 முறை மட்டும் மாறும் அறையில் 99%-க்கே 46 நிமிடம். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிர்வித்துச் சுற்றிவிடும். அது காற்று மாற்றக் கணக்கில் சேரவே சேராது. அந்த அறையில் ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் கதி.

ஆட்கள் குறைவாக, கை பழகியவர்களாக இருக்க வேண்டும். சர்ஜன், ஒரு அசிஸ்டென்ட், மயக்க மருந்து டாக்டர், ஒரு சிஸ்டர். வெளியே ஒருவர் பிபிஇ என்ற பாதுகாப்பு உடை போட்டுத் தயாராக. மாணவர்கள் கற்றுக்கொள்ளும் நேரமல்ல அது. என்95 மாஸ்க்கில் வால்வு இருக்கக் கூடாது; வால்வு வழியாக சர்ஜனின் மூச்சு வடிகட்டாமல் கீறலில் விழும். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது. போட்டவுடன் வேகமாக ஊதிப் பார்த்து, மூக்குத்தண்டுப் பக்கம் கண்ணுக்குக் காற்று வந்தால் அங்கே அழுத்தி, மேல் விளிம்பில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் கண்ணாடி மங்குவதும் குறையும். ஹெட்லைட்டைக் கவுனுக்குள் மாட்டிக்கொண்டு நடுவில் சரிந்தால் தொடவே முடியாது. கட்டிலுக்கு மேலே நல்ல நகரும் விளக்கு கிடைத்தால் அதுவே மேல்.

தட்டு அடுக்குவதில்தான் பாதி வெற்றி. கஃப், அதாவது மூச்சுக்குழாய்க்குள் ஊதி அடைக்கும் பலூன், உள்ள, பக்கவாட்டில் ஓட்டையில்லாத கழுத்து டியூப்: பெண்களுக்கு 7 அல்லது 7.5, ஆண்களுக்கு 8. அதோடு ஒரு அளவு சிறியது ஒன்று, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபிளாஞ்ச் (கழுத்துத் தோல்மேல் படியும் தகடு) உள்ள டியூப் ஒன்று. இரண்டு வாரம் குப்புறப் படுத்து, நீர் ஏறி வீங்கிய கழுத்தில் சாதாரண டியூபின் வளைவு மூச்சுக்குழாயை எட்டாமல் திசுவுக்குள்ளேயே நின்றுவிடும். கஃபை 10 மி.லி. சிரிஞ்சால் ஊதி, ஸ்டெரைல் நீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, முழுவதும் இறக்கி, ஜெல்லி தடவி, உள்ளே அப்டுரேட்டர் என்ற மழுங்கிய வழிகாட்டி நுழைத்துத் தயாராக வைக்க வேண்டும். வைரஸ் ஃபில்டர், மூடிய சக்ஷன், வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் மூன்றையும் ஒரே இணைப்பாகச் சேர்த்தே வைத்துவிட வேண்டும். டியூப் உள்ளே போன பிறகு எந்த முனை எதில் மாட்டும் என்று தேடுகிற நேரம் முழுக்க நோயாளியின் நுரையீரல் அறையைப் பார்த்துத் திறந்திருக்கும். வாய் டியூபைப் பிடிக்க ஒரு கிளாம்ப் வேண்டும். வெறும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் பல் டியூபை வெட்டிவிடும், அதனால் காஸ் சுற்றிப் பிடிக்க வேண்டும்.

மாஸ்க், ஷீல்டு, வென்டிலேட்டர் இரைச்சல் எல்லாம் சேர்ந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால் சொற்களை முன்கூட்டியே முடிவு செய்து ஒருமுறை ஒத்திகை பார்ப்பது அவசியம். "நிறுத்துங்க சார்." "நிறுத்தியாச்சு." "கஃப் இறக்குங்க." "இறக்கியாச்சு." சொன்னதைத் திரும்பச் சொல்லாதவரை அடுத்த வேலை இல்லை. 'ஓகே' என்று மட்டும் பதில் வந்தால் அதை ஏற்கக் கூடாது. எதற்கு ஓகே என்று தெரியாது.

இனி கழுத்து. தோளுக்கடியில் மணல் மூட்டை வைத்துக் கழுத்தை நீட்டுவது வழக்கம்தான். வாய் டியூப் பல்லருகே எத்தனை செ.மீ.யில் இருக்கிறது என்று மூட்டை வைத்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும், கழுத்து நீளும்போது டியூப் மேலே ஏறும். நோயாளிக்கு தசை தளர்த்தும் மருந்து முழு அளவில் போயிருக்க வேண்டும், ரோகுரோனியம் என்றால் கிலோவுக்கு 0.6 முதல் 1.2 மி.கி. அரைகுறையாகத் தளர்ந்த நோயாளி ஜன்னல் வெட்டும்போது ஒரு இருமல் இருமினால் இதுவரை எடுத்த அத்தனை முன்னேற்பாடும் வீண்.

அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் மரப்பு ஊசியைத் தோலடியில் போட்டு, குரல்வளையின் அடியிலுள்ள கிரிகாய்டு வளையத்துக்கும் மார்பெலும்புக் குழிக்கும் நடுவில் 3 முதல் 4 செ.மீ. குறுக்குக் கீறல். முன்கழுத்துச் சிரைகள் தென்பட்டால் மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் காட்டரியை நம்பாமல் நூல் போட்டுக் கட்டிவிடுவது நல்லது. தசைகளை நடுக்கோட்டில் பிரித்து, தைராய்டின் இடைப்பாலத்தை மேலே ஒதுக்கலாம். ஒதுங்காவிட்டால் இரு கிளாம்புக்கு நடுவில் வெட்டித் தைக்கலாம். காட்டரி புகையை உறிஞ்ச ஒரு சக்ஷன் கூடவே இருக்கட்டும். மூச்சுக்குழாய் வளையங்கள் வெள்ளையாகத் தெரிந்து, கீறலின் உட்பகுதி உலர்ந்து, ஒரு துளி ரத்தமும் ஊறவில்லை என்று உறுதியான பிறகு காட்டரியை அணைத்துத் தட்டிலிருந்தே எடுத்துவிட வேண்டும். அடுத்து நோயாளிக்கு 100% ஆக்சிஜன் போகப்போகிறது. அந்த ஆக்சிஜனும் பிளாஸ்டிக் டியூபும் காட்டரிப் பொறியும் சந்தித்தால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். இது கோவிட்டுக்கு முன்பும் விதி. அவசரத்தில் மறந்துபோகும் விதியும் இதுதான்.

இங்கே நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லோரும் தயாரா என்று கேட்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடம் 100% ஆக்சிஜன் போகட்டும்.

வாய் டியூபின் கஃப் சாதாரணமாக உட்காரும் இடமும் நாம் ஜன்னல் வெட்டப்போகிற இடமும் ஏறக்குறைய ஒன்றே. கத்தி நேராகக் கஃபில் இறங்கும், கஃப் வெடிக்கும், நுரையீரலில் இருக்கும் அத்தனை காற்றும் வெளியே. அதனால் வெட்டுவதற்கு முன்பே வென்டிலேட்டரை நிறுத்தி, மூச்சு தானாக வெளியேற விட்டு, கஃபை இறக்கி, வாய் டியூபை இரண்டு மூன்று செ.மீ. கீழே தள்ளி, கஃபை மறுபடி ஊதி, வென்டிலேட்டரை ஓடவிட வேண்டும். அதிகமாகத் தள்ளினால் டியூப் வலது நுரையீரலுக்கு மட்டும் போய்விடும். காற்றழுத்தம் சட்டென்று ஏறுகிறதா, இடது நெஞ்சு எழும்புகிறதா என்று மயக்க மருந்து டாக்டர் பார்த்துச் சொல்வார். பிபிஇ-யில் ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாது. கண்ணும் கேப்னோகிராஃபும்தான்.

கஃப் கீழே உட்கார்ந்துவிட்டால் பெரிய நிம்மதி. மறுபடி வென்டிலேட்டரை நிறுத்தி, இரண்டாம், மூன்றாம் வளையங்களுக்கு நடுவில் கத்தியாலும் கத்தரியாலும் ஜன்னல் வெட்டலாம். முதல் வளையத்தைத் தொடவே கூடாது, பின்னாளில் குரல்வளைக்குக் கீழே சுருங்கும். வெட்டிய ஜன்னலுக்கு இருபக்கமும் ஒவ்வொரு தையல் போட்டு நீளமாக விட்டுவைப்பது நல்ல பழக்கம். முதல் வாரத்தில் டியூப் கழன்றால் அந்த நூல்களை இழுத்தால் மூச்சுக்குழாய் தானாக மேலே வந்து வாய் திறக்கும். ஜன்னல் திறந்திருந்தாலும் கஃப் அதற்குக் கீழே இருப்பதால், ஆக்சிஜன் இறங்கினால் வென்டிலேட்டரை மறுபடி ஓடவிட்டு நோயாளியைத் தேற்றிக்கொள்ளலாம். காற்று வெளியே வராது. இந்த ஒரு வசதிக்காகத்தான் டியூபைத் தள்ளும் அந்தச் சிரமம் எல்லாம்.

கடைசி நிறுத்தம். இங்கேதான் அந்த அரை நிமிடம். "நிறுத்துங்க." "நிறுத்தியாச்சு." வாய் டியூபைக் கிளாம்ப் போட்டு, கஃபை இறக்கி, டியூபின் நுனி ஜன்னலுக்குச் சற்று மேலே தெரியும்வரை இழுப்பார்கள். முழுவதும் வெளியே இழுத்துவிடக் கூடாது. கழுத்து டியூப் போகாவிட்டால் அதையே மறுபடி கீழே தள்ளித்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டும். கழுத்து டியூபைப் பக்கவாட்டில் நுழைத்து, திருப்பிக் கீழே இறக்கி, அப்டுரேட்டரை உருவி, கஃபை ஊதி, ஃபில்டரோடு சேர்ந்த இணைப்பை மாட்டிய பிறகே "ஓடவிடுங்க". கேப்னோகிராஃபில் அலை வரவேண்டும். ஒன்றுக்கு ஆறு அலை வந்தபிறகுதான் வாய் டியூபை முழுவதும் எடுப்பது. அலை வராவிட்டால் டியூப் மூச்சுக்குழாய்க்கு முன்னால் திசுவுக்குள் போயிருக்கிறது என்று பொருள். அழுத்தி ஊதிப் பார்க்கவே கூடாது, கழுத்து முழுக்கக் காற்று ஏறி வீங்கி, அடுத்த முயற்சிக்கு எதுவும் தெரியாமல் போகும். டியூபை உருவு, வாய் டியூபைத் தள்ளு, கஃபை ஊது, நோயாளி தேறட்டும், பிறகு பார்க்கலாம்.

ஃபிளாஞ்சை நான்கு மூலையிலும் தோலோடு தைக்க வேண்டும். கழுத்து நாடாவைக் கட்டுவதற்கு முன் மணல் மூட்டையை எடுத்துவிட வேண்டும். நீட்டிய கழுத்தில் இறுக்கிக் கட்டிய நாடா, தலையை நிமிர்த்தியதும் தளர்ந்து தொங்கும். கஃப் அழுத்தம் மேனோமீட்டரில் 20-க்கும் 30 செ.மீ. நீர் அளவுக்கும் நடுவில், ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளக்க வேண்டும். 20-க்குக் கீழே போனால் பக்கவாட்டில் காற்று கசியும், 30-க்கு மேலே ஏறினால் மூச்சுக்குழாயின் உட்சவ்வுக்கு ரத்த ஓட்டம் நின்று புண்ணாகும். விரலால் பலூனை அமுக்கிப் பார்த்து 'சரியா இருக்கு' என்று சொல்வதை நம்பக் கூடாது.

கழுத்தைக் கீறாமல், ஊசி போட்டு விரித்து டியூப் நுழைக்கும் முறையும் உண்டு. இரண்டில் எது உசத்தி என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எந்தக் கை எதில் பழகியதோ அதுவே அந்த அறைக்குப் பாதுகாப்பு. தொற்றுக்காலம் புது முறை பழகுவதற்கான நேரம் அல்ல.

உடையைக் கழற்றும்போதும் தொற்று ஒட்டும் ஆபத்து அதிகம். வேலை முடிந்த களைப்பு, வியர்வை, தாகம், சீக்கிரம் வெளியே போக வேண்டும் என்ற தவிப்பு. மேல் கையுறை, கவுன், ஷீல்டு என்று கழற்றி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கைகழுவி, அறைக்கு வெளியே வந்த பிறகு கடைசியாகத்தான் மாஸ்க். பட்டையைப் பிடித்து, முன்பக்கம் தொடாமல். ஒருவர் எதிரே நின்று படி படியாகச் சத்தமாகச் சொல்லிக் கழற்றவைப்பது எவ்வளவு அனுபவசாலிக்கும் தேவை.

அவுட்பேஷன்ட் பிரிவில் மாற்றியது சின்னச் சின்னவை, ஆனால் நாளுக்கு ஐம்பது முறை செய்பவை. மூக்கைப் பார்க்க மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கினால் போதும், வாய் மூடியே இருக்கட்டும். எண்டோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்காமல் கேமரா மாட்டித் திரையில் பார்த்தால் முகம் ஒரு முழம் தள்ளிப்போகும். தொண்டையில் 10% லிக்னோகெய்ன் ஸ்ப்ரே அடித்தால் பெரும்பாலும் இருமலில் முடியும். மூக்குக்கு 4% லிக்னோகெய்னும் சளியடைப்பு நீக்கும் சொட்டும் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் திரியைப் பத்து நிமிடம் வைத்தாலே எண்டோஸ்கோப் சுகமாகப் போகும். காதில் என்ன ஆபத்து என்று கேட்பார்கள். காதுக் குழாயின் தோலுக்கு வேகஸ் நரம்பின் ஒரு கிளை வருகிறது. அழுக்கெடுக்கும்போது அங்கே பட்டால் சிலருக்கு அடக்க முடியாத இருமல் வரும், டாக்டரின் முகம் அப்போது ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ஐந்து நாள் சொட்டு மருந்து போட்டுவிட்டு வரச்சொன்னால் வேலையும் சுலபம்.

குரல்வளை எடுத்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களைத்தான் எல்லோரும் மறந்தார்கள். அவர்கள் மூச்சு விடுவது கழுத்து ஓட்டையில். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவரின் மூச்சு மறைப்பில்லாமல் கழுத்திலிருந்து வந்துகொண்டிருக்கும், அவருக்கும் பாதுகாப்பில்லை. கழுத்தில் ஃபில்டரோ துணி மறைப்போ வேண்டும். பரிசோதனைக்கு மூக்கில் மட்டும் ஸ்வாப் எடுத்து நெகட்டிவ் என்று அனுப்பிவிடவும் கூடாது, கழுத்து ஓட்டை வழியாக மூச்சுக்குழாயிலிருந்தும் எடுக்க வேண்டும்.

தள்ளிவைக்க முடிந்த டான்சில், சைனஸ், செவிப்பறை ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தோம். கோவிட் வந்து போனவருக்கு ஏழு வாரமாவது கழித்து ஆபரேஷன் என்பது 2021 மார்ச்சில் பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்றிலிருந்து வந்த கணக்கு. தள்ளிவைக்கவே முடியாதவையும் உண்டு: உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே அரிக்க ஆரம்பிக்கும், குழந்தையின் மூச்சுக்கிளையில் போன வேர்க்கடலை பிசிஆர் முடிவுக்காகக் காத்திருக்காது. செவிக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு எலும்பை டிரில் செய்யும் வேலையும் அப்போது மறுபரிசீலனைக்கு வந்தது. கோவிட்டில் இறந்த மூவரைப் பரிசோதித்து 2020 ஜூலையில் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில் இருவரின் நடுக்காது, மாஸ்டாய்டு பகுதியில் வைரஸ் கிடைத்தது. மைக்ராஸ்கோப்பின் உறையோடு இன்னொரு பிளாஸ்டிக் உறையைச் சேர்த்துக் கூடாரம்போல் நோயாளியின் தலைமேல் விரித்து, அதற்குள் கையை விட்டு டிரில் செய்தால் எலும்புத்தூளும் நீர்த்திவலையும் உள்ளேயே நிற்கும்.

2021 மே மாதம் கரும்பூஞ்சை வந்தபோது இந்தத் துறையின் வேலை தலைகீழானது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய், ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பு. கன்னம் மரத்துப்போகிறது, பல் ஆடுகிறது, கண் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே எண்டோஸ்கோப். எம்ஆர்ஐ-யில் மருந்து ஏற்றிய பிறகும் ஒளிராமல் கறுப்பாக நிற்கும் டர்பினேட்டில் (மூக்கின் உட்பக்கச் சுவரிலுள்ள மடிப்பில்) ரத்த ஓட்டம் செத்துவிட்டது. ஆபரேஷனில் வேறு அளவுகோல் இல்லை: ரத்தம் வரும்வரை வெட்டு. வெட்டியெடுத்த திசுவை லேபில் அரைக்கக் கூடாது, பூஞ்சை இழைகள் உடைந்து கல்ச்சரில் வளராது. சின்னதாக நறுக்கிப் போட வேண்டும். பூஞ்சைக்கான மருந்து லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் கிலோவுக்குத் தினம் 5 மி.கி., 5% டெக்ஸ்ட்ரோஸில் மட்டும். சலைனில் கலந்தால் மருந்து திரிந்துவிடும். சலைன் ஓடிய லைனையும் டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் கழுவிய பிறகே மருந்து.

நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போன பிறகும் கழுத்தின் கதை முடிவதில்லை. வாரக்கணக்கில் டியூப் இருந்த இடத்தில், கஃப் அழுத்திய வளையத்தில், தழும்பு மெல்லச் சுருங்கும். டிஸ்சார்ஜ் ஆகிச் சில வாரத்தில் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வருவார். கோவிட் நுரையீரல் அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொல்வார், ஆஸ்துமா என்று இன்னொருவர் நெபுலைசர் வைப்பார், கேட்காது. குழாயின் விட்டம் 8 மி.மீ.க்குக் கீழே வந்தால் நடக்கும்போது இரைக்கும், 5 மி.மீ.க்கு வந்தால் உட்கார்ந்திருக்கும்போதே இரைக்கும். அதற்குள் ஒரு சளி உருண்டை அடைத்தாலும் ஆபத்து. வென்டிலேட்டரில் இருந்து வந்த யாருக்காவது மூச்சில் சத்தம் கேட்டால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைப்பதற்கு முன் கழுத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சத்தம் உரக்கக் கேட்டால், உள்ளிழுக்கும்போது கூடுதலாகக் கேட்டால், நெபுலைசரை நிறுத்திவிட்டு ஃபிளெக்ஸிபிள் எண்டோஸ்கோப் பாருங்கள். சிடி ஸ்கேன் எழுதும்போது நெஞ்சு என்று மட்டும் எழுதாதீர்கள். நெஞ்சு ஸ்கேன் பெரும்பாலும் தோள்பட்டை உயரத்தில் தொடங்கும், சுருக்கம் அதற்கு மேலே இருக்கும். கழுத்தும் நெஞ்சும் என்று சேர்த்தே எழுதுங்கள்.